வலது பக்கத்து ஏணி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் சந்தியாகுவைத் தெரியாதவர்கள் குறைவு. அவருக்குப் பக்கத்தில் விரும்பி வந்து உட்காருகிறவர்கள் அதைவிடக் குறைவு. அவர் தேநீர்க் கடைக்குள் காலை வைத்தால் மூலையில் இருக்கிற யாராவது ஒருவர், "என்ன அண்ணை, அளவெடுக்க வந்தனீங்களோ? எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கு" என்பார். கடை முழுக்கச் சிரிக்கும். சந்தியாகுவும் சிரிப்பார். "அவசரமில்லைத் தம்பி, பெட்டி ஓடாது" என்று சொல்லிவிட்டு, பிளேன்ரீயை வாங்கிக்கொண்டு வெளியே போய் நின்று குடிப்பார். உள்ளே கதிரை காலியாக இருந்தாலும் வெளியேதான்.

அவர் வேலை செய்வது ஒரு மலர்ச்சாலையில். இறந்தவர்களைக் கழுவுவது, உடுத்துவது, தலை வாருவது, பெட்டியில் கிடத்துவது, வீடு வரைக்கும் கொண்டுபோய் இறக்குவது. முப்பத்து நான்கு வருடமாக இதுதான் அவருடைய தொழில். அவருடைய தகப்பன் மன்னாரிலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். மகனுக்கும் அங்கேயே ஒரு வேலை கிடைக்கும் என்று காத்திருந்தார்கள், கிடைக்கவில்லை. பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று ஒரு மலர்ச்சாலை முதலாளி கேட்டபோது, ஒரு மாதத்துக்கு என்று சொல்லிப் போனவர்தான்.

போன மூன்றாம் நாள், பழைய ஆள் எங்கேயோ போய்விட, ஒரு முதியவரின் உடலோடு சந்தியாகுவை அறையில் தனியே விட்டுவிட்டார்கள். சட்டை போட்டுவிட வேண்டும். கை விறைத்துப் போயிருந்தது, சட்டைக் கைக்குள் நுழையவில்லை. இழுக்கப் பயம், விட்டுவிட்டு ஓடவும் பயம். அந்தப் பயத்தில் வாய் தானாகத் திறந்தது. "ஐயா, கோவிக்காதீங்கோ. கொஞ்சம் கையைத் தாங்கோ" என்று சொல்லிக்கொண்டே தோள்மூட்டைத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க மூட்டு இளகியது. கை சட்டைக்குள் வந்தது.

விறைத்த உடம்பைத் தேய்த்து அசைத்தால் இளகும் என்பது அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பேசியதால்தான் கை வந்தது என்று சந்தியாகு ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் பேசிக்கொண்டிருந்தால் தன் கை அவசரப்படாது என்று கண்டுகொண்டார். அன்றிலிருந்து யாருக்குச் சட்டை போட்டாலும், யாருக்குச் சேலை கட்டினாலும், மெல்லிய குரலில் அவர்களோடு கதைத்தபடிதான். தமிழருக்குத் தமிழ். சிங்களவருக்கு, "அத தென்ன தாத்தே" என்று கையைக் கேட்பார். கூட வேலை செய்கிறவர்கள் முதலில் கேலி பண்ணினார்கள்; பிறகு, சந்தியாகு கதைக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்று வாசலில் ஆட்களை நிறுத்தி வைக்கப் பழகிக்கொண்டார்கள்.

ஊரில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஊருக்குத் தெரிந்தது அவருடைய கைகள் எதைத் தொடுகின்றன என்பது மட்டும்தான். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வரும்போது, பக்கத்து வாங்குப் பலகையில் இருப்பவர்கள் மற்றவர்களுக்குக் கையைக் கொடுத்துவிட்டு, அவருக்கு மட்டும் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடுவார்கள். அவரும் கும்பிடுவார். கொரோனாவுக்குப் பிறகு எல்லாரும் எல்லாருக்கும் கும்பிடத் தொடங்கியபோது, அந்த நேரம் அவருக்குக் கொஞ்சம் இலேசாகப் போயிற்று.

ஆனால் வருடத்தில் ஒரு நாள் இருந்தது. பெரிய வெள்ளி.

அவர்களுடைய கோயில் பெரியதல்ல. சுற்றுவட்டாரத்தில் பெயர்பெற்ற கோயில்கள் இருப்பதால் இதைச் சின்னக் கோயில் என்றே சொல்வார்கள். ஆனால் இங்கே ஒரு பழைய சுரூபம் இருக்கிறது. ஆளுயரத்தில் மரத்தால் செய்த இயேசுவின் உடல். இரண்டு தோளிலும் மரத்துக்குப் பதிலாகத் தோல் வைத்து மூட்டுப் போட்டிருப்பார்கள். பெரிய வெள்ளி பின்னேரம், வழிபாட்டின் முடிவில், இரண்டு ஏணிகளைச் சிலுவையில் சாத்தி இரண்டு பேர் ஏறுவார்கள். முள்முடியைக் கழற்றி வியாகுல மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் காட்டுவார்கள். மார்புக்குக் குறுக்கே நீண்ட வெள்ளைத் துணியைக் கொடுத்து உடலைத் தாங்குவார்கள். பிறகு ஆணிகளைக் கழற்றி, விரித்த கைகளை ஒவ்வொன்றாகத் தாழ்த்தி, உடலை இறக்கி, ஆசந்தி என்று சொல்லும் பூப்போட்ட பாடையில் கிடத்துவார்கள். அந்தக் கை மெல்லத் தாழும்போது கோயிலில் இருமல் சத்தம்கூடக் கேட்காது. எத்தனை முறை பார்த்தவர்களும் அந்த நேரத்தில் அழுவார்கள்.

வலது பக்கத்து ஏணி பதினேழு வருடமாகச் சந்தியாகுவுடையது. இடது பக்கம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பெனடிக். வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சாரமும் கட்டி, வெறுங்காலோடு ஏணியில் நிற்கும் அந்தக் கால் மணித்தியாலம், சந்தியாகு தன் வேலையைத்தான் செய்தார். தினமும் பூட்டிய அறைக்குள் செய்வதை அன்றைக்கு ஊர் முழுவதும் முழங்காலில் நின்று பார்த்தது. வருடத்தில் மிச்ச நாட்களைச் சிரித்துக்கொண்டு கடத்த அவருக்கு அது போதுமாக இருந்தது.

இந்த வருடம், பெரிய வெள்ளிக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம் தொடங்கி மூன்றாம் ஞாயிறு, பூசை முடிந்ததும் ஃபாதர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். ஃபாதர் இளம் வயது, நல்ல மனிதர், ஒருவரையும் நோகடிக்கத் தெரியாதவர். அதனாலேயே சொல்ல வந்ததைச் சொல்ல நெடுநேரம் எடுத்தார். சந்தியாகுவின் உடம்பு எப்படி என்று கேட்டார். ஏணி பழசு என்றார். இளம் ஆட்களுக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று பங்குச் சபையில் கதைத்தார்கள் என்றார். கடைசியில்தான், இந்த முறை வலது பக்கத்து ஏணியில் வங்கியில் வேலை செய்யும் திலக்ஷன் ஏறட்டும் என்று முடிவாகியிருப்பதைச் சொன்னார். சந்தியாகு தலையாட்டினார். "நல்லது ஃபாதர்" என்றார்.

உண்மைக் காரணத்தை அன்று மாலையே பெனடிக் வந்து சொல்லிவிட்டார். அவர் வயிற்றில் எதுவும் தங்காது. ஏணியும் இல்லை, வயதும் இல்லையாம். பங்குச் சபையின் செயலாளர் மெற்றில்டா ரீச்சர்தான் எழும்பி, தினமும் பிணத்தைத் தொடுகிற கை ஆண்டவரைத் தொடுவது தனக்குச் சரியாகப் படவில்லை என்று சொன்னாராம். யாரும் மறுத்துக் கதைக்கவில்லையாம்.

"நீங்கள் கதைச்சனீங்களோ?" என்று சந்தியாகு கேட்டார்.

பெனடிக் தலையைச் சொறிந்தார். "ரீச்சர் எனக்கு நாலாம் வகுப்பு படிப்பிச்சவ, அண்ணை" என்றார்.

மெற்றில்டா ரீச்சருக்கு இப்போது அறுபத்தைந்து வயதிருக்கும். பாதிக் கொட்டாஞ்சேனை அவரிடம் படித்தது, மீதி அவருக்குப் பயந்தது. கல்யாணம் கட்டவில்லை, தாயோடு இருந்தார். தாய் செத்து இரண்டு வருடம். அந்தத் தாயைக் கழுவி, உடுத்திப் பெட்டியில் வைத்தவர் சந்தியாகுதான். அதற்கு முன் ரீச்சர் அவரை வழியில் கண்டால் ஒரு வார்த்தையாவது சுகம் கேட்பார். அதற்குப் பிறகு முகம் கொடுப்பதில்லை. துக்கம், அதுதான் என்று சந்தியாகு நினைத்திருந்தார். தன்னைக் கண்டால் பலருக்கும் தங்கள் செத்த வீடு ஞாபகம் வரும் என்பது அவருக்குப் பழகிய விஷயம்.

வீட்டில் மனைவி மயிலம்மாவுக்குத்தான் ஆறவில்லை. அவர் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர், சைவம். கல்யாணத்துக்குப் பிறகும் பெயரை மாற்றவில்லை, ஞானஸ்நானமும் எடுக்கவில்லை. ஆனால் பெரிய வெள்ளி மத்தியானம் கோயில் வளவில் ஊருக்கே ஊற்றும் கஞ்சியை மயிலம்மா காய்ச்சினால்தான் அது கஞ்சி என்று எல்லாரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். "என் கஞ்சி மட்டும் இவங்களுக்கு வேணுமாக்கும்" என்று இரண்டு நாள் பாத்திரங்களை அடித்து வைத்தார். பிறகு, "என்னாங்க, அந்தக் கையில எண்ணெ யாரு போடுவா?" என்று கேட்டார்.

அது அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். தபசு காலத்தின் கடைசியில் சுரூபத்தை ஊதாத் துணியால் மூடி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வருடமும் பெரிய வெள்ளிக்கு முந்திய புதன்கிழமை, கோயில் வெறுமையாக இருக்கும் மத்தியானத்தில், சந்தியாகு சின்னப் போத்தலில் தேங்காய் எண்ணெய் கொண்டுபோய், துணிக்குள் கையை விட்டு, இரண்டு தோள்மூட்டிலும் தடவி ஊற விடுவார். கைகளை அசைக்கமாட்டார். அது அங்கே வழக்கமில்லை. ஆண்டவர் வருடத்தில் ஒருமுறைதான் இறக்கப்படுவார், அதற்கு முன் ஒத்திகை என்று கையைத் தாழ்த்திப் பார்ப்பது பாவம் என்று பரம்பரையாக நினைத்தார்கள். அதனால் எண்ணெய் ஒன்றுதான் அந்தக் கைகளுக்குச் செய்யக்கூடிய ஒரே காரியம். இதை யாருக்கும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை. பெனடிக்குக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

இந்த வருடம் எண்ணெய் இன்னும் அவசியமாக இருந்தது. கனடாவில் இருக்கும் ஒரு குடும்பம் நேர்த்திக்கடனாகச் சுரூபத்துக்குப் புது வர்ணம் பூசிக் கொடுத்திருந்தது. திருநீற்றுப் புதனுக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. சிலுவையிலிருந்து இறக்காமலேயே, கை விரித்தபடியே வைத்துப் பூசியிருந்தார்கள். மேலே பளபளவென்று இரண்டு தரம் வாணிஷ். பார்த்தவர்கள் எல்லாரும் புதுசு போல இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள். சந்தியாகுவின் கண் மட்டும் தோளுக்குப் போயிற்று. தோலுக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்த அந்தக் கோடு காணாமல் போயிருந்தது.

புதன்கிழமை வந்தது. அவர் போத்தலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். பக்கத்துக் கதவடியில் வந்தபோது உள்ளே சத்தம் கேட்டது. ஏணிப் பழக்கம் நடந்துகொண்டிருந்தது. திலக்ஷன் வலது பக்கத்தில் ஏறி இறங்கினான், வெள்ளைத் துணியை எப்படிச் சுற்றுவது என்று பெனடிக் காட்டினார். சிலுவையின் பின்பக்கத்தில் சின்ன மைக் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஆணி கழற்றும் சத்தம் கடைசி வாங்கு வரைக்கும் கேட்க வேண்டும் என்று இந்த வருடப் புதுமையாம். மெற்றில்டா ரீச்சர் முன் வாங்கில் பேப்பரோடு இருந்தார்.

உள்ளே போய், வாணிஷ் மூட்டில் இறங்கியிருக்கிறது, கொஞ்சம் பாருங்கோ என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சந்தியாகு கதவடியில் நின்றார். பிணத்தைத் தொடுகிற கை என்ற வார்த்தை நினைவுக்கு வந்தது. இளம் ஆட்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தார். நினைத்த உடனே அது நல்ல நினைப்பில்லை என்றும் தெரிந்தது. என்றாலும் திரும்பி நடந்தார். போத்தல் நெஞ்சோடு உரசியபடியே வந்தது.

பெரிய வெள்ளி விடியும்போது கொட்டாஞ்சேனை வேறொரு ஊர். கடைகள் பாதி பூட்டியிருக்கும். பெண்கள் வெள்ளையிலும் கறுப்பிலும் நடப்பார்கள். வியாழன் இரவிலிருந்து கோயில் மணி ஊமை. அதற்குப் பதிலாக மரப்பலகையில் மரச்சுத்தியல் அடிக்கும் கட்டைச் சத்தம்தான். மத்தியானம் மயிலம்மா கஞ்சி ஊற்றினார். ரீச்சருக்கும் ஊற்றினார். ஊற்றும்போது முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் தேங்காய்ப்பால் குறைக்கவுமில்லை.

சந்தியாகு அன்றைக்கும் வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார். பையில் போத்தல் இருந்தது. வழிபாடு தொடங்க முன் பெனடிக்கின் கையிலாவது கொடுத்துவிடலாம் என்று கொண்டு வந்தவர், பெனடிக்கைச் சுற்றி ஆட்கள் நிற்பதைக் கண்டு கொடுக்காமலேயே பின்னால் போய், கடைசிக்கு முந்திய வாங்கில் இருந்துவிட்டார். பதினேழு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக மற்றவர்கள் பார்க்கும் இடத்திலிருந்து அந்தச் சிலுவையைப் பார்த்தார்.

பாடுகளின் வரலாறு வாசித்தார்கள். பசாம் என்னும் ஒப்பாரிப் பாட்டைப் பாடினார்கள். ஏணிகள் வந்தன. முள்முடி இறங்கியது. ஆணி கழற்றிய சத்தம் மைக்கினால் கோயில் முழுக்கக் கேட்டது. ஒரு பிள்ளை திடுக்கிட்டு அழுதது. வலது கை ஆணி கழன்றது. இனிக் கை தாழ வேண்டும்.

தாழவில்லை.

திலக்ஷன் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல அழுத்தினான். பிறகு கொஞ்சம் பலமாக அழுத்தினான். ஆணியில்லாமலேயே கை காற்றில் விரிந்தபடி நின்றது. பெனடிக் தன் பக்கத்துக் கையை அசைத்துப் பார்த்தார், அதுவும் அப்படியே. திலக்ஷன் இன்னொரு முறை இழுக்க, தோளிலிருந்து ஒரு நெரிபடும் சத்தம் வந்தது. மைக் அதைப் பத்து மடங்காக்கியது. கோயிலில் மூச்சு இழுத்த சத்தம் கேட்டது. யாரோ, கை உடையப் போகுது என்றார்கள். ஃபாதர் ஏணிக்குக் கீழே வந்து நின்றார், அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்னொரு இழுப்பு இழுத்தால் பழைய தோல் கிழிந்து, ஊர் முழுவதும் பார்த்திருக்கக் கை தனியே வந்துவிடும். பெரிய வெள்ளியன்று அது நடந்தால் அந்தக் கோயில் ஒரு தலைமுறைக்கு அதை மறக்காது.

பெனடிக் ஏணியில் நின்றபடியே சனத்தைப் பார்த்தார். மைக் பக்கத்தில் இருப்பது அவருக்கு மறந்துவிட்டது. "சந்தியாகு அண்ணை எங்க?" என்று அவர் மெல்லக் கேட்டது கோயில் முழுவதும் கேட்டது.

எல்லாத் தலையும் திரும்பியது. சந்தியாகு எழுந்தார். வாங்கில் இருந்தவர்கள் கால்களை ஒதுக்கி வழி விட்டார்கள். நடுப்பாதையில் நடக்கும்போது அவர் முன் வாங்கைப் பார்க்கவில்லை. பீடத்தடியில் செருப்பைக் கழற்றினார். திலக்ஷன் இறங்கி வந்தான், முகம் வியர்த்திருந்தது. "சொறி அங்கிள்" என்றான். சந்தியாகு அவன் தோளைத் தட்டிவிட்டு ஏறினார்.

மூட்டைத் தொட்டுப் பார்த்தவுடன் விளங்கியது. வாணிஷ் தோலுக்குள் இறங்கி, தோலையும் மரத்தையும் ஒன்றாக ஒட்டிவிட்டது. குனிந்து ஃபாதரிடம், "கஞ்சிக் கிடாரம் கழுவ வச்ச சுடுதண்ணி அடுப்பில இருக்கும். மயிலம்மாட்ட துணி நனைச்சுத் தரச் சொல்லுங்கோ" என்றார். ஃபாதர் திரும்ப முன்பே கதவடியில் நின்ற மயிலம்மா ஓடிவிட்டார். வேலைக்குக் கட்டிய சேலையோடு, ஆவி பறக்கும் துணியை ஒரு சட்டியில் வைத்துக்கொண்டு நடுப்பாதையால் அவர் நடந்து வந்தார்.

சந்தியாகு சூட்டுத் துணியைத் தோளில் வைத்துப் பொத்திப் பிடித்தார். பிறகு பையிலிருந்து போத்தலை எடுத்து எண்ணெயை மூட்டில் விட்டார். உள்ளங்கையால் வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினார். தேய்க்கத் தொடங்கியதும் அவருடைய வாயும் வழக்கம்போலத் தொடங்கிவிட்டது. ஒட்டி வைத்த மைக் அவர் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதை அவர் மறந்துபோயிருந்தார்.

"பொறுங்கோ ஐயா. அவசரமில்லை. பலவந்தமா ஒண்டும் செய்யமாட்டன்."

கோயிலின் நான்கு மூலையிலிருந்தும் அந்தக் குரல் வந்தது.

"நோகுதோ? தெரியும். இண்டைக்கு எல்லாரும் இழுத்துப்போட்டினம். அதுகள் பயத்தில இழுத்ததுகள், கோவிக்காதீங்கோ."

துணியை மாற்றினார். தேய்த்தார். கொஞ்சம் அசைத்தார், விட்டார், மறுபடி தேய்த்தார்.

"புதன்கிழமை வந்தனான், ஐயா. கதவடியில நிண்டிட்டுத் திரும்பிப் போயிட்டன். என்னை விட்டுப்போட்டினம் எண்ட கோவம். எண்ணெய் பையுக்க இருந்தது. அது என்ட பிழை, மற்றவையிட பிழை இல்லை. இப்ப கையைத் தாங்கோ. வேலை முடிஞ்சுது உங்களுக்கு. இனிப் படுக்கலாம்."

மெல்லிய ஒரு சத்தம், காய்ந்த இலை நொறுங்குவது போல. வலது கை ஒரு அங்குலம் தாழ்ந்தது. பிறகு இரண்டு. சந்தியாகு தன் முன்கையை அதற்குக் கீழே கொடுத்து, தூங்கும் பிள்ளையின் கையை மடக்குவதுபோல இறக்கிக் கொண்டுவந்தார். அதே துணியையும் போத்தலையும் பெனடிக்கின் பக்கம் நீட்டி, எப்படித் தேய்ப்பதென்று கண்ணால் காட்டினார். பெனடிக்குக்குக் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் சரியாகத் தெரியவில்லை. ஏணியை மாற்றி அந்தப் பக்கத்தையும் சந்தியாகுவே செய்ய வேண்டி வந்தது. எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் எடுத்தது. அந்த இருபது நிமிடமும் பாட்டுக்குழுகூடப் பாட மறந்து நின்றது.

உடல் ஆசந்தியில் கிடந்ததும் சந்தியாகு பக்கத்துக் கதவால் வெளியேறிவிட்டார். சனம் வரிசையில் நின்று பாதங்களை முத்தமிடத் தொடங்கியது. கோயிலுக்குப் பின்னால் மயிலம்மா கிடாரத்துக்கு முன்னால் குந்தியிருந்தார். அவரும் பக்கத்தில் குந்தித் தேங்காய்ப் பொச்சை எடுத்தார்.

"நீங்க சாமிகிட்ட பேசினது அம்புட்டும் மைக்குல கேட்டிச்சு" என்றார் மயிலம்மா.

சந்தியாகுவின் கை நின்றது. "அம்புட்டுமோ?"

"புதன்கெழம திரும்பி வந்தது வரைக்கும்."

அவர் அடிப்பிடித்த இடத்தைப் பலமாகத் தேய்த்தார்.

மெற்றில்டா ரீச்சர் வந்ததை முதலில் கண்டது மயிலம்மாதான். எழுந்து, தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று சொல்லி விலகிவிட்டார். வாளி நிறையத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. ரீச்சரின் கையில் அந்த எண்ணெய்ப் போத்தல் இருந்தது.

"இது பீடத்தில கிடந்தது" என்றார். நீட்டவில்லை, பிடித்துக்கொண்டே நின்றார். சந்தியாகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அம்மாட செத்த வீட்டண்டு" என்று ரீச்சர் தொடங்கினார். வகுப்பில் ஒருநாளும் தடுமாறாத குரல் அது. "உங்கட மலர்ச்சாலையில கதவு கொஞ்சம் திறந்திருந்தது. நான் சேலை குடுக்க வந்தனான். நீங்கள் அம்மாவுக்கு மேல குனிஞ்சு ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கொண்டு நிண்டீங்கள். எங்கட அம்மாவை வச்சுப் பகிடி பண்ணுறீங்கள் எண்டு நினைச்சன். ரெண்டு வருஷம் அதை நினைச்சுக்கொண்டே இருந்திட்டன்." நிறுத்தினார். "இண்டைக்குத்தான் விளங்கிச்சு. அம்மாவோடயும் இப்பிடித்தான் கதைச்சனீங்களோ?"

"ஓம் ரீச்சர்."

"என்ன சொன்னனீங்கள்?"

சந்தியாகு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்களை உடுத்தியிருக்கிறார், எல்லாரும் நினைவில்லை. இவரை நினைவிருந்தது. "அவவின்ட இடது கை பொத்தியிருந்தது. உள்ளுக்குச் செபமாலை. கழுவோணும், ஆனா விரல் விடேல்ல. கூட நிண்டவர் விரிப்பம் எண்டார். நான் விடேல்ல. அம்மா, பறிக்கமாட்டன், கழுவிப்போட்டு உங்கட கையிலயே திருப்பித் தாறன் எண்டன். கன நேரம் விரலைத் தேய்ச்சன். பிறகு சின்ன விரல் முதல்ல விட்டுது. அப்பதான் சிரிச்சனான் ரீச்சர். சந்தோஷத்தில. சரியான பிடிவாதக்காரி எண்டு சொன்னன்."

ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின, அழுகையா சிரிப்பா என்று சந்தியாகுவுக்கு முதலில் தெரியவில்லை. இரண்டும்தான். "பிடிவாதக்காரிதான்" என்றார் கடைசியில். "திருப்பிக் குடுத்தனீங்களோ?"

"பெட்டி மூட முன்னம் அதே கையில வச்சனான். சின்ன விரலில ஒரு சுத்துக் கூடச் சுத்தி."

கோயிலுக்குள்ளிருந்து மரப்பலகையின் கட்டைச் சத்தம் கேட்டது. ஆசந்தி தெருவைச் சுற்றி வரப் புறப்படும் நேரம். பெனடிக் மூலையில் தலையை நீட்டி, தோள் கொடுக்க ஆள் குறைகிறது என்று கைகாட்டினார்.

"நீங்கள் உங்கட பிழையை ஊருக்கு முன்னால சொல்லிப்போட்டீங்கள்" என்றார் ரீச்சர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ட பிழையை நான் சபையில வச்சுத்தான் சொன்னனான். சபையில வச்சே திருப்பி எடுப்பன்."

சந்தியாகு போத்தலுக்குக் கையை நீட்டினார். ரீச்சர் கொடுக்கவில்லை. வெறும் போத்தலின் மூடியை இறுக்கித் தன் கைப்பைக்குள் வைத்தார்.

"இது என்னட்ட இருக்கட்டும். வாற வருஷம் புதன்கிழமை நிரப்பிக்கொண்டு வாறன். எத்தனை மணிக்கு வரோணும்?"

"பன்ரெண்டரைக்கு, ரீச்சர். அந்த நேரம் ஆக்கள் இருக்கமாட்டினம்."

வாளியில் கையைக் கழுவினார். எண்ணெய் போகவில்லை, விரல்களுக்கு நடுவில் வழுக்கிக்கொண்டே இருந்தது. அப்படியே போய், ஆசந்தியின் வலது பக்கத் தண்டுக்குத் தோளைக் கொடுத்தார்.